ஷாக்குக்குப் பதில் இரும்பு ராடு: ஒரு பைக்கின் பின்பக்கம் விரிசல் விட்ட கதை

வண்டி 350 சி.சி. ஒற்றை சிலிண்டர். குழாய் சேசிஸ், பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர், ஸ்போக் வீல். உரிமையாளர் சொன்ன குறை சாதாரணமாகத்தான் இருந்தது. பின் மட்கார்டின் பிராக்கெட் இரண்டாவது முறை முறிந்துவிட்டது, டெயில் லேம்ப் பல்பு அடிக்கடி போகிறது, பள்ளத்தில் இறங்கும்போது சீட்டுக்குக் கீழே "டிக்" என்று ஒரு சத்தம். பிராக்கெட்டை வெல்டு செய்து பல்பை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றுதான் கொண்டுவந்திருந்தார்.

பின்பக்கம் குனிந்து பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. ஷாக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை மாட்டியிருந்தது. பாப்பர் (பின்புறம் தாழ்ந்த பழைய பாணி வண்டி) தோற்றத்துக்காக வண்டியின் பின்புறத்தைத் தாழ்த்த ஆசைப்பட்டிருக்கிறார். சேசிஸை வெட்டி ஹார்ட்டெயில் எனும் ஷாக்கே இல்லாத பின்பகுதியை ஒட்டவைக்க மனம் வரவில்லை. பழைய ஷாக்கைக் கழற்றி, அதன் துளைகளிலேயே பொருந்துகிற மாதிரி பட்டையை மாட்டிவிட்டார். வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம் என்பது கணக்கு. "ஃப்ரேம்ல கையே வைக்கலையே அண்ணா, ரெண்டு ராடுதானே மாட்டினேன்" என்றார்.

அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பதுதான் இந்த ஆய்வு. இந்த ராடுகளை ஸ்ட்ரட் என்பார்கள், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஸ்ட்ரட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கென்று சரியான வேலைகள் உண்டு, பின்னால் வருகின்றன.

கழற்றுவதற்கு முன் எடுத்த அளவுகள்

பழைய ஷாக்கை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணுக்குக் கண் (இரு முனை வளையத் துளைகளின் மையங்களுக்கு இடையே) 320 மி.மீ. ஆள் உட்கார்ந்தால் 298 மி.மீ. வரை இறங்கும். மாட்டியிருந்த ஸ்ட்ரட்டில் வலது பக்கம் துளைக்குத் துளை 265 மி.மீ., இடது பக்கம் 267 மி.மீ. இரண்டும் 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் உள்ள சாதாரணப் பட்டை இரும்பு. புஷ் (துளைக்குள் போடும் உறை) எதுவும் இல்லை. துளை போட்டு நேரடியாக ஸ்டட்டில் (ஷாக்கை மாட்ட நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை) மாட்டி, வாஷர் அடுக்கி நட் போட்டிருந்தது.

முதலில் வண்டியின் நிலை. ஆள் உட்கார்ந்து ஓட்டும் உயரத்தோடு ஒப்பிட்டால் ஷாக் இருக்கும் இடத்தில் 30 மி.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறது. வீல் அச்சு அதற்கும் பின்னால் இருப்பதால் அங்கே சுமார் 40 மி.மீ. வீல்பேஸ் (இரு வீல் அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) 1,370 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த வண்டியும் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. முன் வீலைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வும் அதே அளவு கூடும், டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) ஏறக்குறைய 10 மி.மீ. கூடும். நேர் சாலையில் இது வண்டியை நிலையாகக் காட்டும், மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் கனக்கும். உரிமையாளருக்கு அது பிடித்தும் இருந்தது. ஹெட்லைட் மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் அவர் கவனிக்கவில்லை. சைடு ஸ்டாண்டில் வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றது, லேசாகத் தட்டினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். சென்டர் ஸ்டாண்டு போட இரண்டு பேர் வேண்டியிருந்தது. வண்டி தாழ்ந்துவிட்டதால் ஸ்டாண்டு அதை இன்னும் அதிக உயரத்துக்குத் தூக்க வேண்டும்.

இவையெல்லாம் தொல்லைகள்தான். சேசிஸைக் கெடுத்தது வேறு.

கழற்றியபின் தெரிந்தது

இடது பக்க மேல் ஸ்டட்டின் வெல்டிங் ஓரத்தில் விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடித்ததும் கோடு தெளிவாகத் தெரிந்தது. வெல்டின் கீழ் விளிம்பை ஒட்டியே 14 மி.மீ. நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. வலது பக்கம் அதே இடத்தில் மயிரிழை போல ஒரு தொடக்கம். "டிக்" சத்தம் இடது விரிசல் திறந்து மூடியதால் வந்தது. இடது ஸ்டட் கண்ணால் பார்த்தாலே மேல்நோக்கி வளைந்திருந்தது. இடது ஸ்ட்ரட்டும் வில் போல லேசாக வளைந்திருந்தது. ஸ்ட்ரட் துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. பின் வீலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் சேசிஸோடு சேரும் பிவட்டின் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வீலைச் சுற்றிவிட்டு ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் மந்தமான சத்தம், தளர்ந்துவிட்டதன் அடையாளம். ரிம்மில் ஓரிடம் லேசாகத் தட்டையாகியிருந்தது.

ரிம் தட்டையானதற்கு உரிமையாளர் செய்த ஒரு வேலையும் துணைபோயிருக்கிறது. குதிப்பு தாங்காமல் பின் டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். ஸ்பிரிங் இல்லாத வண்டியில் டயர்தான் ஒரே ஸ்பிரிங் என்பதால் யாருக்கும் தோன்றுகிற யோசனைதான். ஆனால் காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடிந்து டயர் சூடேறும், கூர்மையான பள்ள விளிம்பில் ரிம் நேரடியாகப் போய் அடிக்கும்.

ஷாக் என்ன செய்துகொண்டிருந்தது

ஷாக் அப்சார்பர் சொகுசுக்காக இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சேசிஸின் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. மேல் ஸ்டட்டுக்கு எவ்வளவு விசை போகலாம் என்பதை ஸ்பிரிங்கின் விறைப்பு தீர்மானிக்கிறது. சேசிஸை வடிவமைத்தவர் அந்த விசையை மனத்தில் வைத்துத்தான் ஸ்டட்டின் தடிமனையும் வெல்டின் அளவையும் முடிவு செய்திருப்பார்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். இந்த வகை ஷாக்கின் ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையில் 20 மி.மீ. உயரத்தில் ஒரு கூர்மையான மேடு. வண்டி வேகமாகப் போனால், உடல்பகுதி மேலெழ நேரமே இல்லை. வீல் மட்டும் 20 மி.மீ. ஏறுகிறது, ஒவ்வொரு ஸ்பிரிங்கும் கூடுதலாக 400 நியூட்டன் தள்ளுகிறது. ஆட்டத்தை அடக்கும் டேம்பிங் எண்ணெயின் எதிர்ப்பையும் சேர்த்து 600 என்று தாராளமாகவே வைப்போம்.

இப்போது ஸ்ட்ரட். வீல் தனியாக மேலேற வழியில்லை, அந்த 20 மி.மீ.யையும் டயர்தான் விழுங்க வேண்டும். பைக் டயரின் செங்குத்து விறைப்பு ஒரு மி.மீ.க்கு 150 நியூட்டன் அளவில் இருக்கும். 20 மி.மீ.க்கு 3,000 நியூட்டன், ஒரு பக்கத்துக்கு 1,500. அதே மேடு, அதே வேகம், ஸ்டட்டுக்கு இரண்டரை மடங்கு விசை.

இரண்டரை மடங்குதானே, இரும்பு தாங்காதா? ஒருமுறை தாங்கும். ஆயிரம் முறையும் தாங்கும். பிரச்சினை ஒரே அடியில் உடைவது அல்ல, திரும்பத் திரும்ப அடிவாங்கிச் சோர்ந்துபோவது. வெல்டு செய்த இணைப்புகளுக்கான வடிவமைப்பு விதிகளில் ஆயுள், அழுத்த ஏற்ற இறக்கத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைவதாக எடுத்துக்கொள்வார்கள். அழுத்தம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று. இரண்டரை மடங்கானால் ஏறக்குறைய பதினைந்தில் ஒன்று. பல வருடம் நின்றிருக்க வேண்டிய வெல்டு சில மாதங்களில் கோடு விடுவதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வண்டியில் அதோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று, அந்த 2 மி.மீ. நீள வித்தியாசம். பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஷாக்கில் 2 மி.மீ. வித்தியாசம் என்றால் வெறும் 40 நியூட்டன், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்ட்ரட்டில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. நீளமான இடது ஸ்ட்ரட் சுமையின் பெரும்பகுதியைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. வலதை மாட்டும்போதே ஸ்விங் ஆர்மை முறுக்கித்தான் மாட்டியிருக்க முடியும். பிவட் புஷ் ஒருபக்கமாகத் தேய்ந்ததும் இதனால்தான். ஒரு பக்கமே முழுச் சுமையையும் தாங்கினால் அந்த 1,500 நியூட்டன் 3,000 ஆகிறது. அப்போது ஷாக் காலத்தோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு விசை, ஆயுள் கணக்கில் 125-இல் ஒன்று. இடது வெல்டு முந்திக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது. ஷாக்கின் கண் அகலமானது, அது ஸ்டட்டின் முழு நீளத்திலும் உட்காரும். விசையின் மையம் சேசிஸிலிருந்து சுமார் 15 மி.மீ. தள்ளி இருக்கும். பட்டையின் தடிமன் 6 மி.மீ.தான். மீதி இடத்தை வாஷர் போட்டு நிரப்ப வேண்டும். செயின் கவரில் உரசாமலிருக்க வாஷர்களையெல்லாம் உள்பக்கம் அடுக்கி, பட்டையை நட் பக்கம் தள்ளி மாட்டியிருந்தார்கள். விசையின் மையம் 24 மி.மீ.க்குப் போய்விட்டது. ஸ்டட் ஒரு முனை மட்டும் பிடிப்புள்ள கட்டை, மறுமுனை காற்றில் நிற்கிறது. வெல்டின் மேல் விழும் வளைவு விசை இதனாலேயே இன்னும் 60 சதவீதம் கூடிவிட்டது. அந்த வாஷர்கள் வெளிப்பக்கம் போயிருந்தால் விரிசல் வந்தே இருக்கும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

ஸ்ட்ரட் வளைந்ததும் இதே குடும்பம்தான். 265 மி.மீ. நீளமுள்ள அந்தப் பட்டை நேராக அமுக்கினால் 12,000 நியூட்டன் வரை வளையாது என்று சூத்திரம் சொல்லும். ஆனால் மேல் ஸ்டட்டும் கீழ்த் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லை, 5 மி.மீ. விலகல். அந்த விலகலோடு 7,000 நியூட்டனைத் தொட்டாலே பட்டையின் ஒரு முகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும். பெரிய பள்ளத்தின் விளிம்பில் டயர் 40 மி.மீ. அமுங்கி, சுமை ஒரே பக்கம் போனால் அந்த எண் வந்துவிடும். 25 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள குழாயாக இருந்தால் எந்தப் பக்கமும் வளைந்திருக்காது. எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஓட்டுபவருக்கு நேர்ந்தது

முதுகுவலி என்று உரிமையாளர் தானாகச் சொல்லவில்லை, கேட்டதும் ஒப்புக்கொண்டார். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பின்பக்கத்தின் மேல் விழும் எடை 130 கிலோ என்றால், ஷாக்கோடு வண்டி வினாடிக்கு இரண்டு முறைபோல நிதானமாக ஆடும். டயர் மட்டும் ஸ்பிரிங்காக இருக்கும்போது அது 5 ஹெர்ட்ஸை (வினாடிக்கு ஐந்து முறை) தாண்டிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்து அதிர்வை அதிகம் உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. உடலதிர்வுக்கான ஐ.எஸ்.ஓ 2631 தரநிலையும் செங்குத்துத் திசையில் அந்த அதிர்வெண் வரம்புக்குத்தான் அதிக முக்கியத்துவம் தருகிறது. அதாவது உடம்புக்கு எந்த அதிர்வு ஆகாதோ அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்த மாதிரி. டயரில் டேம்பிங் மிகக் குறைவு என்பதால் ஆரம்பித்த ஆட்டம் சட்டென்று அடங்குவதும் இல்லை.

வலியைவிட எனக்குக் கவலை தந்தது பிடிமானம். சாலை திடீரென்று 20 மி.மீ. கீழே இறங்குகிறது. ஷாக் இருந்தால் 18 கிலோ எடையுள்ள வீலையும் ஸ்விங் ஆர்மையும் ஸ்பிரிங் கீழே தள்ளும். அந்தத் தள்ளல் புவியீர்ப்பைப் போலப் பல மடங்கு. ஸ்ட்ரட் இருந்தால் பின்பக்கம் முழுவதும் தன் எடையால் மட்டுமே விழ வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், அமுங்கியிருந்த டயர் விரிவதையும் கழித்துப் பார்த்தால், வீல் சுமார் அரை மீட்டர் தூரம் தரையைத் தொடாமல் போகும். ஷாக்கோடு அது பாதிக்கும் குறைவு. நேராகப் போகும்போது இது வெறும் குதிப்பு. வளைவில் சாய்ந்திருக்கும்போதோ பின் பிரேக் மிதித்திருக்கும்போதோ அந்த அரை மீட்டரில் வண்டியின் பின்புறம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. பின் பிரேக் போட்டால் வீல் தத்தித் தத்தி வருகிறது என்று அவரே பின்னர் சொன்னார். பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

பழைய வண்டிகள் எப்படி ஓடின?

இந்தக் கேள்வி எப்போதும் வரும், நியாயமான கேள்விதான். ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளுக்குப் பின் ஸ்விங் ஆர்ம் வந்ததே 1958-இல், டியூவோ கிளைடு மாடலில். அதுவரை பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத கட்டைதான். அவை எல்லாம் விரிசல் விட்டா நின்றன?

அந்த சேசிஸின் வடிவத்தைப் பார்த்தால் விடை தெரியும். கீழிருந்து ஒரு குழாய், சீட்டுக்குக் கீழிருந்து ஒரு குழாய், இரண்டும் வீல் அச்சில் வந்து சேரும். பக்கவாட்டில் பார்த்தால் முழுமையான முக்கோணம். அச்சில் விழும் அடி குழாய்களின் நீளவாக்கில் நேராக முன்பக்கம் போய்விடும், எந்தக் குழாயும் பெரிதாக வளைய வேண்டியதில்லை. அப்புறம் அகலமான, உயரமான பக்கச்சுவர் உள்ள டயர். 16 அங்குல ரிம்மில் 5 அங்குல அகலம் என்பது அந்தக் காலத்தில் வழக்கமான அளவு. சீட்டுக்கு அடியில் தனி ஸ்பிரிங். வேகமும் குறைவு. இவ்வளவு இருந்தும் தயாரிப்பாளர்கள் பின் ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டேதான் இருந்தார்கள். வின்சென்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1928-லேயே பின்பக்கத்துக்கு ஸ்பிரிங் வைத்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு புல்லட் 1949-இல் ஸ்விங் ஆர்மோடு வந்தது.

ஸ்விங் ஆர்ம் சேசிஸில் அந்த முக்கோணம் கிடையாது. சீட்டைத் தாங்கும் பின்குழாய் ஒரு கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நடுவிலோ நுனியிலோ ஷாக்கின் மேல் ஸ்டட். ஸ்ட்ரட்டை மாட்டினால் வெளித்தோற்றத்துக்கு முக்கோணம் வந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அதன் ஒரு மூலை வளையக்கூடிய குழாயின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, இன்னொரு மூலை தேயக்கூடிய புஷ்ஷில். ஹார்ட்டெயில் தோற்றம் வேண்டும், ஷாக்கும் வேண்டும் என்பவர்களுக்காக ஹார்லியே 1984 மாடலில் சாஃப்டெயிலைக் கொண்டுவந்தது. ஷாக்கை வண்டியின் அடியில் படுக்கவைத்து மறைத்துவிட்டார்கள். கட்டைப் பின்புறத்தை விற்பதே அவர்களுக்கு எளிது, அதைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

ஸ்ட்ரட்டுக்குரிய இடம்

நேர்கோட்டு வேகப் போட்டியான டிராக் (drag) ரேஸில் ஸ்ட்ரட் நியாயமான பொருள். ஓட்டம் 402 மீட்டர், தரை வழவழப்பு, வளைவு இல்லை. புறப்படும்போது ஷாக் அமுங்கி விரிந்து வண்டியின் கோணத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அங்கே எதிரி. நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டை வைத்து உயரத்தைப் பூட்டிவிடுவார்கள். வண்டி கட்டுபவர்கள் மட்கார்டையும் சீட்டையும் பொருத்திப் பார்க்கும்போது, ஆள் உட்கார்ந்த உயரத்தில் வண்டியை நிறுத்தி வைக்கவும் ஸ்ட்ரட் வசதி. ஷாக்கை ஓவராலுக்கு அனுப்பிவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் உருட்ட வேண்டும் என்றாலும் சரி. கண்காட்சியில் நிற்க மட்டுமே போகிற வண்டிக்கும் சரி.

அந்த வேலைகளுக்குச் செய்வதாக இருந்தாலும் பட்டை இரும்பு வேண்டாம், குழாய் போதும். இரண்டையும் ஒன்றாகக் கவ்வி ஒரே முறையில் துளையிட்டால் நீளம் தானாகவே ஒன்றாகிவிடும். கண்ணில் ரப்பரோ பாலியூரித்தேனோ புஷ் வேண்டும், கண்ணின் அகலம் பழைய ஷாக்கின் கண் அளவே இருக்க வேண்டும். நீளத்தை விரிந்த ஷாக்கிலிருந்து எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு ஃபோர்க் செங்குத்தாகிவிடும். ஆள் உட்கார்ந்தபின் உள்ள அளவுதான் கணக்கு.

சரிசெய்தது

பிராக்கெட்டை மட்டும் வெல்டு செய்து அனுப்ப முடியாது என்பதை விரிசலைக் காட்டியதும் உரிமையாளரே ஏற்றுக்கொண்டார். இரண்டு ஸ்டட்டையும் வெட்டி எடுத்து, விரிசலின் முனை வரை கிரைண்டு செய்து, அது மீதி உலோகத்துக்குள் போகவில்லை என்று சாயம் போட்டு உறுதிசெய்தபின் புதிய ஸ்டட் வைத்து வெல்டு செய்தோம். ஸ்டட்டின் அடியில் ஒரு சிறிய முக்கோணத் தகடு கூடுதலாகக் கொடுத்தோம். பிவட் புஷ்கள் மாறின. ஸ்போக்குகளை இறுக்கி வீலை நேராக்கினோம். ரிம்மின் தட்டை ஏற்கக்கூடிய அளவுக்குள் வந்ததால் அதை மாற்றவில்லை.

தாழ்வான தோற்றம் அவருக்கு வேண்டும், அதில் தவறும் இல்லை. 300 மி.மீ. நீளமுள்ள ஷாக்கைத் தேர்ந்தெடுத்தோம், ஸ்பிரிங் முந்தையதைவிடச் சற்று விறைப்பு. நீளம் குறைந்த ஷாக்கை வாங்கும்போது எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு சோதனை உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மாட்டி, வீலைக் கடைசிவரை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். டயர் மட்கார்டின் உட்புறத்தைத் தொடுகிறதா, செயின் எங்காவது உரசுகிறதா என்று அப்போதுதான் தெரியும். இவருடைய வண்டியில் மட்கார்டின் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட் டயருக்கு மிக அருகில் வந்தது. போல்ட்டைத் திருப்பி, தலை உள்ளே வருமாறு மாட்டினோம். மீதி ஆசைக்கு சீட்டின் நுரையை வெட்டிக் குறைத்தார். கண்ணுக்கு வண்டி ஸ்ட்ரட் காலத்துக்குக் கிட்டத்தட்ட நிகராகத் தாழ்ந்துதான் தெரிகிறது.

செயினை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்ட்ரட் இருந்தபோது வீல் அசையாததால் செயின் தளர்வு மாறவே மாறாது, அவரும் அதைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்திருந்தார். ஷாக் திரும்ப வந்ததும் அந்த இறுக்கம் ஆபத்து. ஸ்விங் ஆர்ம் ஏறும்போது முன் ஸ்பிராக்கெட், பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில்தான் செயின் அதிகபட்சமாக விறைக்கும். ஸ்பிரிங் இல்லாமல் வீலைத் தூக்கிப் பார்த்த அதே வேளையில் அந்த இடத்தில் நிறுத்தி, அங்கேயும் கொஞ்சம் தளர்வு மிஞ்சும்படி வைத்துவிட்டோம். பிறகு ஸ்பிரிங்கை மாட்டி, ஹெட்லைட்டை இறக்கி, சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தோம். ஒழுங்காகச் சாய்ந்து நின்றது. அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது இரண்டு வெல்டிலும் மறுபடி சாயம் போட்டுப் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை.